நல்ல குச்சி கிடைக்கிற கடை

நான்காவது கோழியைத் தையல்காரியின் நாய் மோந்து பார்த்தது. இரண்டடி பின்னால் போனது. பிறகு திரும்பி நின்று, பின்னங்காலால் மண்ணை வாரி அதன் மேல் போட்டது.

"இது எதையும் வேண்டாம்னு சொல்லாதுண்ணே," என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி, இடைச்சுவரில் முழங்கையை ஊன்றியபடி. "போன வாரம் என் செருப்பைத் தின்னுச்சு."

எடைமேடைக்காரர் மண்ணுக்குள் கிடந்த கோழியைப் பார்த்தார். காலையில் வாங்கும்போது ஒன்றே முக்கால் கிலோ. இப்போது ஒன்றே கால் இருக்கும். அரைக் கிலோ புகையாகப் போய்விட்டது, மிச்சம் நாய்க்குக்கூட ஆகவில்லை.

"குச்சி சரியில்ல," என்றார்.

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

"போன வாரம் வேற குச்சி."

ஊருக்கு வெளியே, லாரிகள் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும் மேடையில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. வண்டி மேடையில் ஏறுவதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார், கருவி பிறகு அதற்கு ஆமாம் போடும். மணலை நனைத்துக்கொண்டு வருகிறவன், எடை போடும்போது கிளீனரை வண்டிக்குள் படுக்கவைக்கிறவன், உதிரி டாங்கில் தண்ணீர் நிரப்பி வருகிறவன் என்று எல்லாரையும் பிடித்திருக்கிறார். என்னை ஒரு கிலோ ஏமாற்றினவன் இன்னும் பிறக்கவில்லை என்று நாளுக்கு ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கேட்க ஆள் இருந்தவரை வீட்டிலும் சொன்னார்.

கேட்க ஆள் இல்லாமல் போய் ஏழு வாரம் ஆகிறது.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தது பதினொரு நாள். பதினோராம் நாள் மத்தியானம், மூக்குக் குழாயை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமைக் கோழிய மட்டும் விட்டுடாதீங்க."

சாகிற நேரத்திலும் இவளுக்கு என் வயிற்றைப் பற்றித்தான் கவலை என்று நினைத்து அவர் அழுதார். அழுது முடித்ததும் அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்டது அதிகமில்லை. கேட்டதில் அவர் செய்தது அதைவிடக் குறைவு. இந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும்.

ஆனால் அவருக்குச் சமைக்கத் தெரியாது. சமைக்கத் தெரியாது என்பதே மரியாதைக்குச் சொல்வது. அவர் தன் கையால் ஃப்ரிட்ஜைத் திறந்ததில்லை. தண்ணீர் டம்ளரில் வரும், டம்ளர் கைக்கு வரும். அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியம் முப்பது வருடமாக வரவில்லை.

அந்தக் கோழியோ சாதாரண அடுப்பில் வேகிற கோழி இல்லை. பின்முற்றத்தில் ஒரு புகையடுப்பு நின்றது. பீப்பாயைப் படுக்கவைத்து மூடி போட்ட மாதிரி இருக்கும். அதற்கு எரிபொருள், மரத்தூளை இறுக்கி அழுத்திப் பென்சில் கனத்தில் செய்த சின்னச் சின்னத் துண்டுகள். கடைக்காரர்கள் பெல்லட் என்பார்கள். அவர் மனைவி குச்சி என்றாள், வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. பக்கத்துத் தொட்டியில் குச்சியைக் கொட்டி சுவிட்சைப் போட்டால், ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். குச்சி நெருப்புக் கிண்ணத்தில் விழுந்து எரியும். சூடும் புகையும் மூன்று மணி நேரம் கோழியைச் சுற்றிச் சுற்றி வரும்.

அந்த அடுப்பை வாங்கி வந்தவள் மகள். அந்தப் பேச்சு வீட்டில் கிடையாது. கிடையாது என்று சொன்னவர் அவர்.

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டம் அவளுக்கு, பெருமை அவருக்கு. அவளுடைய பட்டமளிப்பு போட்டோவை எடைமேடை அறையில் மாட்டி, சீட்டு வாங்க வருகிற டிரைவர்களையெல்லாம் அண்ணாந்து பார்க்கவைத்தார். அவள் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரன் செய்த தப்புக்கெல்லாம் இவள் பெயரில் விளக்கம் எழுதி வாங்கினார்கள். ஒருநாள் எழுந்து வந்துவிட்டாள். அடுத்த வாரம் சரக்கு ஆட்டோவில் அந்த அடுப்பு வந்து இறங்கியது. கடை போடப் போகிறேன் என்றாள்.

"இவ்வளவு படிச்சு கோழி சுடப் போறியா?"

"படிச்சதாலதான்ப்பா சுடப் போறேன். என்ன மரம், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்னு பாத்துச் சுடப் போறேன்."

அன்று அவள் முதன்முதலாகச் சுட்ட கோழியைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டார். "இனி உன் கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்றார். மறுநாள் எடைமேடைக்குப் போய் போட்டோவைக் கழற்றினார். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் மிஞ்சியது. அது இன்னமும் இருக்கிறது.

மகள் துணிப்பையோடு போனாள். கனமான அடுப்பு நின்றுவிட்டது. எங்கே போனாள், எங்கே கடை போட்டாள் என்று யாரும் தன்னிடம் சொல்லக்கூடாது என்றார். யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னதையெல்லாம் கேட்கிற வீடு அது. அதுதான் அந்த வீட்டைப் பிடித்த நோய்.

இரண்டு வாரம் கழித்து, அடுப்பு சும்மா துருப்பிடிக்கிறதே, நான் சுட்டுப் பார்க்கட்டுமா என்று மனைவி கேட்டாள். ஏதோ செய் என்றார். அப்புறம் மூன்று வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய்ப் பச்சைப் பையில் குச்சி வாங்கி வருவாள். நல்ல குச்சி கிடைக்கிற கடை அங்கேதான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காலை ஆறு மணி டூட்டி. இரண்டு மணிக்குத் திரும்பினால் பின்முற்றம் முழுக்கப் புகை வாசம், தட்டில் கோழி. தோல் தேன் நிறத்தில் மின்னும். எலும்பைத் தொட்டால் சதை கழன்று வரும். வாயில் வைத்தால் முதலில் புகை, அப்புறம் இனிப்பு, அப்புறம் என்னவோ ஒன்று. அந்த என்னவோ ஒன்றுக்காகத்தான் அவர் வாரம் முழுக்க லாரிப் புழுதியைத் தின்றார்.

சாப்பிட்டுக்கொண்டே வாராவாரம் ஒரே வசனம்தான்.

"பாரு, பத்தாங்கிளாஸ் தாண்டாத நீ சுட்ட கோழி. உன் பொண்ணு அந்தப் பட்டத்த வச்சு வாழ்நாள் பூரா விசிறினாலும் இப்படி வருமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகும். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். புகழ்ச்சி தாங்காத ஜீவன் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஒருமுறை அவள் கையிலிருந்து அந்தப் பச்சைப் பையை வாங்கிக் கீழே வைக்கும்போதே அவருக்குக் கை சொல்லிவிட்டது. "பத்து கிலோன்னு அச்சடிச்சிருக்கான், மூணு கிலோகூட இல்லையே. நான் வந்து அவன ஒரு வழி பண்ணட்டுமா?" என்று கிளம்பினார். சில்லறையாகத்தான் வாங்கினேன், நல்ல மனுஷர்கள், நீங்கள் ஒன்றும் வர வேண்டாம் என்று அவள் அவசரமாகப் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்ட கோழியைத்தான் அவர் இப்போது தனியாளாகச் சுட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் சுவிட்சைப் போட்டதும் அடுப்பு முனகிவிட்டு நின்றது. மோட்டார் மெக்கானிக் வந்து கழற்றினார். திருகு ஓடும் குழாய்க்குள் பழைய குச்சி ஈரம் குடித்து உப்பி, சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்கும் பின்னாலிருந்து ஒரு சிலந்தி, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன மாதிரி, மெதுவாக இறங்கிப் போனது.

"இது வருஷக்கணக்கா ஓடாத மெஷின் சார்."

"போன மாசம் வரைக்கும் வாராவாரம் ஓடின மெஷின்."

மெக்கானிக் அவரையும் சிலந்தி போன திசையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொன்னா சரி சார்," என்றார். புதிதாகச் சாவு விழுந்த வீட்டில் யார் வாதம் செய்வார்கள். அடுப்புக்குள் கருகிப்போன ஒரு பவுடர் டப்பா மூடி கிடந்தது, அதில் கொஞ்சம் தேங்காய் நார்ச் சாம்பல். இது எதற்கு என்று மெக்கானிக் கேட்டார். அவள் ஏதாவது பக்குவத்துக்கு வைத்திருப்பாள் என்று சொல்லி, எடைமேடைக்காரர் அதைக் கழுவித் துடைத்துப் பத்திரமாக அதே இடத்தில் வைத்தார்.

இரண்டாம் வாரம் ஹார்டுவேர் கடையில் குச்சி வாங்கினார். நன்றாக எரியும் என்றார்கள். எரிந்தது. அது குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதற்கான குச்சி, பிசின் நிறைந்த மரம். கருப்புப் புகை தெரு முனைவரை போனது. கோழியைக் கடித்தபோது புது பீரோவின் கதவைக் கடித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் வாரம் பெரிய கடையில், பையின் மேல் ஆப்பிள் படம் போட்டதாகப் பார்த்து வாங்கினார். வெறும் மரத்தூளில் வாசனை எண்ணெய் தெளித்த குச்சி. அந்தக் கோழி ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல் மணத்தது. நான்காம் வாரம் தீவனக் கடைக்குப் போனார். எத்தனை குதிரை என்று கடைக்காரர் கேட்டார். ஒரு கோழி என்றார் இவர். லாயத்துத் தரையில் பரப்புகிற குச்சி அது என்பது, நாய் மண்ணைப் போட்ட பிறகுதான் விளங்கியது.

நாயே மறுத்துவிட்ட அன்று சாயங்காலம் அவர் அடுப்பை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். கீழ்த்தட்டில் ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. மகளின் கையெழுத்து. மூடி வைத்தார். கையால் தண்ணீர்தானே வேண்டாம் என்றோம், கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு மறுபடி திறந்தார்.

குச்சி வாங்குமுன் ஒன்றை ஒடித்துப் பார்க்கணும், பட்டென்று சத்தம் வரணும், நசுங்கினால் ஈரம். மேல்பக்கம் பளபளக்கணும். பையின் அடியில் தூள் சேர்ந்திருந்தால் வாங்கவே கூடாது, அது திருகை அடைக்கும், நெருப்பை அணைக்கும். மோந்தால் மரம் மட்டும் மணக்கணும். ஒரு கைப்பிடியை வெந்நீரில் போட்டால் சில நிமிடத்தில் தூளாகக் கரையணும், கரையாவிட்டால் வேறு எதையோ கலந்திருக்கிறான். வெள்ளையாகப் பொங்கும் புகை கசக்கும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நீலமாக ஓடும் புகைதான் நல்ல புகை.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அப்பாவுக்கு உப்பு கம்மியாக, தொடைத் துண்டு.

நோட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மனைவி செத்த அன்று மகள் வந்திருந்தாள். கூட்டத்துக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். தன் முன்னால் வந்த டம்ளரை அவர் வாங்கி, குனிந்த தலை நிமிராமல், பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் அவள் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. அவருக்கு எடுக்கத் தெரியாமல் இல்லை.

நோட்டு கிடைத்த பிறகு நிலைமை தேறியிருக்க வேண்டும். இன்னும் மோசமானது. ஆறு கடைகளிலிருந்து குச்சி வாங்கி எடைமேடை ஜன்னலில் வரிசையாக வைத்து ஒடித்துப் பார்த்தார். டிரைவர்களும் ஒடித்தார்கள். வண்டியை மேடையிலேயே நிறுத்திவிட்டு, இதுதான் பட், அது வெறும் சட் என்று சண்டை போட்டார்கள். பின்னால் பதினாலு லாரி ஹாரன் அடித்தது. மேனேஜர் வந்து, எடை போடுகிற இடத்தில் என்ன விறகுக் கடையா நடக்கிறது என்று கேட்டார்.

ஐந்தாவது கோழிக்கு முதல் நாள், சனிக்கிழமை, தண்ணீர்ச் சோதனை. நோட்டில் ஒரு கைப்பிடி என்றுதான் எழுதியிருந்தது. கைப்பிடி என்பது ஓர் அளவா என்று அவருக்குக் கோபம். கடைக்கு இரண்டு கிலோ வீதம் தராசில் நிறுத்தி, ஆறு வாளி வெந்நீரில் கொட்டினார். குச்சி பொங்கியது. வாளிக்கு வெளியே வந்தது. மாவு மாதிரி தரையில் நடந்தது. ஐந்தாவது வாளிதான் தேறியது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, ஆறு வாளிக் கூழையும் முற்றத்துச் சாக்கடையில் தள்ளினார். அந்தச் சாக்கடைதான் தையல்காரி வீட்டுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஐந்தாவது வாளிக் குச்சியைத் தொட்டியில் போட்டுப் பற்றவைத்தார். பையின் அடித்தூளையும் வீணாக்காமல் சேர்த்துக் கொட்டினார். சிறிது நேரத்தில் தூள் நெருப்பை அமுக்கிவிட்டது. அணைந்தது தெரியாமல் திருகு குச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கிண்ணம் நிரம்பிக் குவிந்தது. வெள்ளைப் புகை மூடியின் இடுக்கெல்லாம் பிதுங்கியது. புகை நீலமாகவில்லையே என்று அவர் மறுபடி பற்றவைக்கும் பொத்தானை அழுத்தி, மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

சத்தம் எடைமேடைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

தையல்காரி முழங்கால்வரை ஈரமாக ஓடி வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுச் சாக்கடையெல்லாம் ரிவர்ஸ்ல வருது, தைக்கிற ரூம் பூரா..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். "உங்க புருவம் எங்க?"

அவர் தடவிப் பார்த்தார். இல்லை.

"குச்சி சரியில்ல," என்றார்.

அந்தக் குரலைக் கேட்டுத் தையல்காரிக்குத் திட்ட வாய் வரவில்லை. ஒரு ஈரத் துணியை அவர் முகத்தில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருமாக அவள் வீட்டுக்குப் போய்த் தண்ணீரை இறைத்தார்கள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய எட்டுத் துணி நனைந்திருந்தது. வெட்டுத்துணி போட்டு வைத்திருந்த பைகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக் கொட்டியபோது, நாலாவதாக ஒரு பச்சைப் பை வந்தது.

"இது ஏது உனக்கு?"

"அக்கா குடுத்தாங்க. போன வருஷம். துணி போட்டு வச்சுக்கோன்னு."

மனைவி அந்தப் பைகளை வீட்டில் வைத்ததே இல்லை. அவர் தேடாத இடமில்லை. பையை வாங்கி வாயைப் பிரித்து, புருவமில்லாத முகத்தை உள்ளே விட்டார். நூல் வாசனைக்கும் ஈர வாசனைக்கும் அடியில், ஒரு வருடத்துக்கு அப்புறமும், அந்த வாசம் இருந்தது. முதலில் புகை, அப்புறம் இனிப்பு, அப்புறம் என்னவோ ஒன்று.

அடி மடிப்பைப் பிதுக்கிப் பார்த்தார். ஒரு சிட்டிகைத் தூள் இல்லை. எத்தனையோ பையைப் பார்த்துவிட்டார், அடியில் தூள் இல்லாத பை இதுதான். நோட்டில் எழுதியபடி பார்த்தால், உலகத்திலேயே உயர்ந்த குச்சி இந்தப் பையில்தான் இருந்திருக்க வேண்டும்.

பையின் கீழே கடையின் முகவரி அச்சாகியிருந்தது. அவர் தலையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. தையல்காரி தரையைத் துடைப்பதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நீங்களே வச்சுக்கோங்கண்ணே," என்றாள்.

சாக்கடையைத் தோண்டவும், புருவத்தின் எரிச்சல் தணியவும், மேனேஜரிடம் சனிக்கிழமை லீவு வாங்கவும் நாள் போனது. மனைவி போய் மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை, பச்சைப் பையை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

முதல் பஸ் ஒன்றே கால் மணி நேரம். இறங்கி, நிழலில்லாத ஒரு நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்று, இரண்டாவது பஸ். அதிலும் உட்கார இடமில்லை. இவ்வளவு தூரமா என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட்டு வலி என்று அவள் மாடிப்படி ஏறமாட்டாள். இந்த பஸ்ஸில் மூன்று வருடம் ஏறியிருக்கிறாள். ஒரு வாரமாவது நானும் வரட்டுமா என்று கேட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று நினைத்தார். ஒரு வாரம் கேட்டது ஞாபகம் வந்தது. கடைக்காரனோடு சண்டை போடுவதற்காகக் கேட்டது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினதுமே காற்றில் அது வந்தது. அந்த வாசம். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். வாசம் வந்த வழியே நடந்தால், பச்சை எழுத்தில் பலகை, பெல்லட் கடை. எதிர்ப்பக்கத்தை ஒரு செங்கல் லாரி முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. பதினாறரை டன் என்று மனசு தானாகச் சொன்னது.

கடைக்குள் பச்சைப் பைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மேஜைக்குப் பின்னால் பில் போடுகிற அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"வேற கடையில வாங்கினீங்களா சார்?" என்றார், புருவம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து.

எடைமேடைக்காரர் மடித்த பையை மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மனைவியின் போட்டோவை எடுத்து அதன் மேல் வைத்தார். இவர்கள் சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே வந்து வாங்கிய அதே குச்சி எனக்கு வேண்டும், வேறு எதுவும் வேண்டாம், பத்துப் பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த அம்மாள் போட்டோவைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "தவறிட்டாங்களே, பாவம். நல்ல மனுஷி. நீங்க அவங்களுக்கு யாரு சார்?"

புருஷன் என்று சொன்னால் அதற்குப் பிறகு ஓர் அடடா வரும். அந்த அடடாவை அவர் மூன்று மாதமாகப் பல பேரிடம் வாங்கிவிட்டார். இன்னொன்றைத் தூக்கத் தெம்பில்லை.

"தெரிஞ்சவங்க," என்றார்.

"அவங்க எங்ககிட்ட குச்சி வாங்கினதே இல்லையே."

"மூணு வருஷமா வாங்கியிருக்காங்கம்மா. இதோ உங்க பை. உள்ள ஒரு துளி தூள் இல்ல, அவ்வளவு சுத்தமான குச்சி. மோந்து பாருங்க. இதே வாசம்தான் உங்க கடை வாசல்லயும் அடிக்குது."

அம்மாள் பையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முகம் தடுமாறியது.

"புதுப் பைக்குள்ள தூள் எப்படி சார் இருக்கும்? காலிப் பைதான் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."

"காலிப் பை எதுக்கு?"

எதிரே செங்கல் லாரி உறுமி, கொஞ்சம் குலுங்கி, நகர்ந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, லாரி விட்டுப்போன வெளிச்சத்தை நோக்கிச் சுட்டிக் காட்டினார்.

"அதோ, அவங்க பொண்ணு கடை. வாராவாரம் அங்க ஒரு கோழிய வாங்கி நம்ம பையில மறைச்சு எடுத்துட்டுப் போவாங்க, வீட்டுல யாரோ எடைமேடைக்காரராம், பொண்ணு கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாராம். அந்தப் பொண்ணு இப்பவும் சனிக்கிழமையானா உப்பு கம்மியா ஒரு கோழிய எடுத்து வச்சுட்டு வாசலயே பாத்துட்டு உக்காந்திருக்கு சார், நீங்க அத வாங்கிட்டுப் போகவா வந்தீங்க?"